பஸ்ஸம்மா ஒருமுறைதான் பார்ப்பார்

நாத்தனார் தன் அண்ணியைப் புகழ்ந்து பேசினால் மழை வரும் என்று கேலி செய்வார்கள். வரட்டும், இன்று நான் துணி எதுவும் காயப்போடவில்லை. யாரையும் சுலபத்தில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற ஆளும் இல்லை நான். மேல்மாடியில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். இந்தத் தெருவில் யாருக்கு இடுப்பு எவ்வளவு, யார் வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுப்பார் என்பதெல்லாம் தெரிந்த ஒருத்திக்கு மனிதர்கள்மேல் பிரமிப்பு வருவது கஷ்டம். எனக்கே வந்திருக்கிறது என்றால் அதை எழுதித்தான் ஆகவேண்டும்.

என் அண்ணி பள்ளிக்கூட பஸ்ஸில் உதவியாளர். காலையில் பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றுவது, சாயங்காலம் அவரவர் வாசலில் இறக்கி, வாங்க வந்தவர் கையில் ஒப்படைப்பது அவருடைய வேலை. கேட்க எளிதாக இருக்கும். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ஜன்னலோரம், கிள்ளுகிற பிள்ளைக்கு முன் சீட்டு, அந்தக் கிள்ளுகிற பிள்ளையைத் திருப்பிக் கிள்ளுகிற பிள்ளைக்கு அதற்கு நேர் எதிர்ப்பக்கம் என்று தினமும் ஒரு மந்திரிசபையே அமைக்க வேண்டும். பிள்ளைகள் அவரை பஸ்ஸம்மா என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

கடைசிப் பிள்ளையும் இறங்கியபின் பஸ் ஷெட்டுக்குப் போகும். அங்கே அண்ணி பின் சீட்டிலிருந்து முன் சீட்டுவரை ஒவ்வொரு சீட்டின்மேலும் கை வைத்துக்கொண்டே, குனிந்து கீழேயும் பார்த்துக்கொண்டே வருவார். தூங்கிப்போன குழந்தை ஏதாவது உள்ளே இருந்துவிடக் கூடாது அல்லவா? பெரும்பாலும் கிடைப்பது தண்ணீர் பாட்டில், ஒற்றை சாக்ஸ், பாதி கடித்த பிஸ்கட். ஒரு மழை நாளில் மட்டும், வீட்டார் பள்ளியிலேயே வந்து கூட்டிப்போய்விட்டார்கள் என்று நினைத்திருந்த ஒரு பெண் குழந்தை கிடைத்தது. இரண்டு சீட்டுக்கு நடுவே பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போய் வீட்டில் ஒப்படைத்தார். தாய்க்காரி அழுதாள், பள்ளிக்கூடம் பாராட்டியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறவர் என்று ஊரே மெச்சியது. வேலை எப்படி நடக்க வேண்டுமோ அப்படித்தான் நடந்தது. ஆனால் அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது.

பார்க்காமல் விட்டிருந்தால்? இந்த ஒரு கேள்வி அண்ணியின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருமுறை பார்த்து இறங்குவார், மறுபடி ஏறுவார். நன்றாகப் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா என்று சந்தேகம் வரும். மூன்றாவது முறை ஏறுவார். டிரைவர் நல்ல மனிதர். சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே, யாரும் இல்லை அக்கா என்று தாயின்மேல் சத்தியம் செய்வார். அந்தச் சத்தியம் ஷெட் வாசல்வரை தாங்கும். வாசலுக்கு வந்ததும் அண்ணி நின்றுவிடுவார்.

பிறகு அது பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கும் வந்தது. அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, இஸ்திரிப் பெட்டி ப்ளக்கைப் பிடுங்கினேனா? மத்தியானம் எனக்கு போன் வரும். கீழ்வீட்டில்தான் அண்ணனும் அண்ணியும், மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. நான் தைப்பதைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி, அடுப்பைப் பார்த்துவிட்டு, அணைந்துதான் இருக்கிறது என்று சொல்வேன். அடுத்த நாளும் இறங்குவேன். மாடிப்படி ஏறி இறங்கியே நான் இளைத்ததுதான் அந்தக் காலத்தில் நடந்த ஒரே நல்ல காரியம்.

என் அண்ணனைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் இரும்புக் கடையில் கவுன்டரில் நிற்பவர். ஒரு ஆணி கேட்டுப் போனால், எந்தச் சுவருக்கு, என்ன மாட்டப் போகிறாய், அந்தச் சுவரில் ஏன் மாட்டக் கூடாது என்பதுவரை சொல்லித்தான் அனுப்புவார். அவருக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது. இருந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்டவருக்கு, கேள்வி மேல் கேள்வி கேட்கிற மனைவி. பூட்டினேனாங்க என்று அண்ணி கேட்டால், பூட்டினாய், நான் ஆட்டிப் பார்த்தேன் என்பார். மறுபடி கேட்டால் மறுபடி சொல்வார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என் அண்ணனை எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். அந்தப் பொறுமையை மட்டும் கிண்டல் செய்ய எனக்கு வாய் வந்ததில்லை.

இதெல்லாம் வியாதி என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சுபாவம் என்று நினைத்தோம். கொஞ்சம் அதிகமாகப் பொறுப்பு, அவ்வளவுதான். பொறுப்பில்லாதவர்களைத் திட்டத்தான் நமக்குப் பழக்கம், பொறுப்பு கூடிப்போனவரை யார் சந்தேகப்படுவார்கள்? பள்ளிக்கூடமும் சந்தேகப்படவில்லை. பஸ்களையெல்லாம் நிர்வகிக்கிற அதிகாரி ஒருநாள் அண்ணியைக் கூப்பிட்டு, இனி ஷெட்டுக்கு வருகிற அத்தனை பஸ்ஸையும் கடைசியாகப் பார்த்து அனுப்புகிற பொறுப்பு உங்களுக்குத்தான் என்றார். உங்களைப் போல் யாரும் பார்ப்பதில்லை என்று மற்றவர்கள் முன்னால் வேறு சொன்னாராம்.

அண்ணன் சந்தோஷத்தில் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் புது உடுப்பு ஒன்று தைத்துத் தருகிறேன் என்று டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அண்ணி குளியலறையில் இருந்தார். குழாய் திறந்திருந்தது, ஆனால் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்டது. கதவைத் தட்டினேன். திறந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"எல்லா பஸ்ஸையும் நான் எப்படி முடிப்பேன் குட்டி? ஒண்ணையே என்னால முடிக்க முடியல" என்றார். நாற்பது தாண்டிய என்னைக் குட்டி என்று கூப்பிடுகிற ஆள் உலகத்தில் அவர் மட்டும்தான்.

அன்றுதான் முழுவதையும் சொன்னார். வீட்டுக்கு வந்தபின்னும் கையில் வேலையிருக்க, மனசு அந்த பஸ்ஸுக்குள்தான் நடந்துகொண்டிருக்குமாம். பிள்ளை வந்துவிட்டாளா என்று சில தாய்மார்களுக்கு போன் செய்து கேட்டிருக்கிறார். ஒருத்தி பதறிப்போய், என் பிள்ளைக்கு பஸ்ஸில் என்ன நடந்தது என்று சண்டைக்கு வந்துவிட்டாள். இப்படியே போனால் வேலையை விட்டுவிட வேண்டும், ஆனால் பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி இருப்பேன் என்று அழுதார். அண்ணன் அண்ணிக்குப் பிள்ளை கிடையாது. அதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இது வெறும் சுபாவம் இல்லை என்று அன்றுதான் உறைத்தது, அண்ணனிடம் சொன்னேன். மறுவாரம் மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநலப் பிரிவு என்று போர்டு போட்டிருந்த இடத்தில் உட்காருவதற்குள் அண்ணன் வேர்த்துக் கொட்டிவிட்டார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்களே என்று பயம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். சுவர்ப் பக்கம் ஏற்கெனவே ஒருவர் அதேபோல் திரும்பி உட்கார்ந்திருந்தார். பார்த்தால் அண்ணனுடைய கடை முதலாளி. இருவரும் ஒரே நேரத்தில், பல்லுக்கு வந்தேன் என்றார்கள். பல் பிரிவு வேறு கட்டிடத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து முதலாளி தானாகவே, ராத்தூக்கமே இல்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, மருந்து சாப்பிடுகிறேன் என்று மெல்லச் சொன்னார். அந்த மனிதரை வருஷக்கணக்காகச் சிடுமூஞ்சி என்று நாங்கள் திட்டி வந்தோம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். அண்ணி சொல்வதை இடையில் வெட்டாமல் கேட்டார். ஓசிடி என்று ஒரு பெயர் சொன்னார், எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்வார்களாம். பயப்படுகிற மாதிரி ஒரு எண்ணம் எல்லோர் மனசிலும் வந்து போகும், பெரும்பாலோருக்கு அது தானாகப் போய்விடும், சிலருக்குப் போகாமல் மறுபடி மறுபடி சுற்றும் என்றார். தூங்கிய குழந்தைமேல் பழி போட வேண்டாம், இந்தச் சந்தேகக் குணம் முன்பே இருந்திருக்கும், அன்று அதற்கு ஒரு பிடி கிடைத்தது என்றார். யோசித்துப் பார்த்தால், கல்யாணமான புதிதிலேயே அண்ணி தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். மாத்திரை உண்டு, கூடவே பயிற்சியும் உண்டு. ஒருமுறை பார்ப்பது, திரும்பிப் போகாமல் இருப்பது. பயம் ஏறும், ஏறட்டும், ஒன்றும் செய்யாமல் நின்றால் அது தானாக இறங்கும் என்பதை உடம்புக்குக் கற்றுக்கொடுப்பது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். வீட்டிலிருப்பவர்கள் இனி பதில் சொல்லக் கூடாது என்றார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டின பெண்டாட்டி பயந்துபோய்க் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்ன வைத்தியம் என்று கேட்டார்.

"நீங்க சொல்ற பதில் அவங்களுக்கு எவ்வளவு நேரம் தாங்குது?" என்று டாக்டர் கேட்டார்.

அடுத்த தடவை கேட்கிறவரைக்கும் என்று அண்ணன் மெல்லச் சொன்னார். நாங்கள் அன்பென்று நினைத்து ஊற்றியதெல்லாம் எரிகிற நெருப்பில் எண்ணெயாகத்தான் போயிருக்கிறது. மாடிப்படி இறங்கி நான் அடுப்பைப் பார்த்ததும், டிரைவர் தாயை இழுத்துச் சத்தியம் செய்ததும் எல்லாம் அதே எண்ணெய்தான். யாரையும் குறை சொல்ல முடியாது. சொந்தக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது.

வெளியே வந்ததும் அண்ணிதான் முதலில் பேசினார். இனிமேல் நான் என்ன கேட்டாலும் நீங்கள் இருவரும் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும், நான் கெஞ்சினாலும் மாற்றிச் சொல்லக் கூடாது என்றார். டிரைவரிடமும் தானே போய்ச் சொன்னார். மூழ்குகிறவர் தன் கைக்கு எட்டிய கட்டையை யாரும் தள்ளிவிடாமலே தானே விடுவதைப் போன்ற காரியம் அது. எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்காது என்று சத்தியமாகச் சொல்கிறேன்.

உலகத்தில் எல்லாம் தெரிந்த என் அண்ணன், எனக்குத் தெரியாது என்று சொல்லப் பழகியதுதான் அந்த வீட்டில் நடந்த பெரிய கூத்து. முதல் நாள் அந்த வார்த்தை அவர் வாயில் நுழையவில்லை. பூட்டினேனாங்க என்று அண்ணி கேட்க, எனக்குத் தெரியு... என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுபடி முழுசாகச் சொல்லிவிட்டு மாடிக்கு வந்து என் துணிக் குவியலில் உட்கார்ந்து அழுதார். கீழே அண்ணி கதவுக்குப் பக்கத்தில், கைப்பிடியைத் தொடாமல், கைகளைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். மாடிப்படியிலிருந்து பார்க்கப் பார்க்க எனக்கு ஓடிப் போய்ப் பூட்டியிருக்கிறது என்று கத்தவேண்டும்போல் இருந்தது. வெகுநேரம் கழித்து அவருடைய தோள்கள் இறங்கின. பயமும் இறங்கியிருக்க வேண்டும். சமையலறைக்குப் போனார்.

அடுத்து, பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும் என்றார் அண்ணி. இதற்கு அண்ணனும் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே, உடம்பு சரியில்லை என்று சொல்லிப் புதுப் பொறுப்பை மட்டும் தட்டிக் கழித்துவிடு என்று அண்ணன் மன்றாடினார். மனநோய் உள்ளவரிடம் எந்தத் தாய் பிள்ளையைக் கொடுப்பாள்? பிள்ளைகளோடு இருக்கத்தான் இத்தனை பாடு, அந்தப் பிள்ளைகளையே இழந்துவிட்டால்? அண்ணிக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் பொய் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினால், அந்தப் பொய்யையும் சேர்த்துத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றார்.

அதிகாரி அறை வாசலில் நான் நின்றேன். கதவு பாதி திறந்துதான் இருந்தது, அண்ணி பேசியது கேட்டது.

"நான் நல்லா வேலை பாக்கறேன்னு நினைச்சு இந்தப் பொறுப்பைக் குடுக்கறீங்க சார். ஒரு தடவை பாக்கறதுதான் வேலை. அதுக்கு மேல நான் பாக்கறது வியாதி. வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் முதலில் தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு புரிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளே போய் அவர் சட்டைக்கு அளவெடுக்க வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. கத்தரிக்கோல் கையில் இல்லாமல் போனது அவர் அதிர்ஷ்டம். கொஞ்ச நாள் பஸ்ஸில் போக வேண்டாம், நூலகத்தில் புத்தகத்துக்கு அட்டை போடுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றார். அண்ணி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

நூலக நாட்கள் கொடுமையாகத்தான் போயின. பஸ் போகிற சத்தம் கேட்டால் அண்ணி ஜன்னலுக்குப் போய்விடுவாராம். ஆனாலும் மாத்திரையை விடவில்லை, பயிற்சியையும் விடவில்லை. கதவை ஒருமுறை பூட்டினார், அடுப்பை ஒருமுறை அணைத்தார், திரும்பிப் பார்க்காமல் தெருமுனை திரும்பினார். சில நாள் தெருமுனையிலிருந்து திரும்பி வந்துவிடுவார். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. எனக்கு மத்தியான போன் குறைந்தது. மாடிப்படி குறைந்ததால் நான் பழையபடி பெருத்தேன்.

பள்ளிக்கூடத்தை அசைத்தவர்கள் பிள்ளைகள்தான். புதிதாக வந்த உதவியாளர் வாந்திக்காரனையும் கிள்ளுகிறவளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். விளைவை நான் விவரிக்கப் போவதில்லை. பஸ்ஸம்மா எங்கே என்று வீட்டுக்கு வீடு கேள்வி கிளம்பியது. அன்று சண்டைக்கு வந்த தாயே முதல் ஆளாகப் போய், அந்த அம்மாவைத் திருப்பிக் கொண்டு வாருங்கள் என்றாளாம். அதிகாரி டாக்டரிடம் பேசினார். அந்த மனிதரையும் நான் நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் தன் பயத்தோடு பிடிவாதமாக உட்கார்ந்துவிடவில்லை. பழைய பஸ், பழைய வேலை என்று முடிவானது. அண்ணி ஒருமுறை பார்ப்பார், அவருக்குப் பின் டிரைவர் ஒருமுறை பார்ப்பார், பூட்டிவிடுவார்கள். இந்த ஏற்பாடு எல்லா பஸ்ஸுக்கும் என்று ஆனது.

அண்ணிக்கு முழுதாகக் குணமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். மாதத்தில் சில நாள் அந்தப் பழைய கேள்வி வந்து வாசலில் நிற்கிறது. யாராவது பைத்தியம் என்று வேடிக்கைக்குச் சொன்னால்கூட எனக்கு இப்போது சுருக்கென்கிறது. அண்ணியோ, விடு குட்டி என்று சிரித்துவிடுகிறார். அவர் பஸ்ஸுக்குத் திரும்பிய முதல் நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்றுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

சொந்தக்காரர் வீட்டுக்கு அண்ணியோடு போகவேண்டியிருந்ததால் நான் ஷெட்டுக்கே போய்விட்டேன். பஸ் வந்து நின்றது. அண்ணி பின் சீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கை வைத்து, குனிந்து பார்த்து, முன்னால் வந்தார். இறங்கினார். டிரைவர் ஏறி, அவரும் அதேபோல் பார்த்தார். நானும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், காலி சீட்டுகள்தான். டிரைவர் பூட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சத்தியம் செய்யாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. நாங்கள் இருவரும் நடந்தோம்.

ஷெட் வாசல் தாண்டியதும் அண்ணி நின்றார். முகம் வெளுத்துப்போயிற்று.

"கடைசி சீட்டுக்குக் கீழ ஒரு சின்னக் காலு இருந்திருக்குமோன்னு தோணுது குட்டி."

நானே எட்டிப் பார்த்தவள்தான். ஆனால் கடைசி சீட்டுக்குக் கீழே நான் பார்த்தேனா? ஜன்னலிலிருந்து கீழே தெரியுமா? ஒரு குழந்தை, பூட்டிய பஸ், நாளைக் காலைவரை. நான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தேன். டிரைவர் இன்னும் போயிருக்க மாட்டார், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கெஞ்சினேன். கெஞ்சியது நான், அவர் அல்ல.

"பாத்தாச்சு. டிரைவர் தம்பியும் பாத்தாச்சு" என்றார் அண்ணி. "இப்ப அங்க இருக்கறது குழந்தை இல்ல, என் பயம். அதைப் பாக்கத் திரும்பிப் போனா, நாளைக்கும் அது அங்கேயே உக்காந்திருக்கும்."

பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது, என்னுடையதும்தான். நாங்கள் ஏறவேண்டிய பஸ் வந்தது, அவரால் காலை நகர்த்த முடியவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டோம். அடுத்ததும் போனது. அவர் வாயை இறுக்கி, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் இந்த மனுஷி இதைச் சுமந்துகொண்டுதானா பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தாள் என்று நினைத்தபோது எனக்குக் கண்ணீர் முட்டியது. அப்புறம் அவருடைய மூச்சு மெல்ல நிதானத்துக்கு வந்தது. பசிக்கிறது என்றார். அடுத்து வந்த பஸ்ஸில் ஏறினோம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அண்ணிக்கு இறங்கிய பயம் எனக்கு இறங்கவில்லை. சொந்தக்காரர் வீட்டில் ஒரு வாய் சரியாகச் சாப்பிடவில்லை. வீடு திரும்பியும் அந்தச் சின்னக் கால் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அண்ணி சமையலறையில் உட்கார்ந்து மறுநாளைக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன். கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டேவிட்டேன்.

"அண்ணி, அந்த பஸ்ல யாரும் இல்லதானே?"

அண்ணி கத்தியை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு பரிவு இருந்தது. பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு, உட்கார் என்று தட்டிக் காட்டினார்.

"எனக்குத் தெரியாது குட்டி" என்றார். அடுத்த காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். நான் அவர் பக்கத்தில், அது இறங்குகிறவரை உட்கார்ந்திருந்தேன்.